உண்ட மயக்கம்

மகளுக்கு வந்த சுவரொட்டி வறுவலை, வார்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நர்கீஸே அள்ளி அள்ளித் தின்றாள்.

கட்டிலில் ஆறு வயது ருக்ஸார், பெற்றவளைக்கூட அடையாளம் தெரியாமல் கிறங்கிக் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரி முகத்தைச் சுளித்தாள். பெத்த வயிறா இது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

வறுவலைக் கொண்டுவந்தவர், பிள்ளைக்கு வெறும் அசதிதான் என்று நம்பி, ஆண்களை விடாத வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார். நர்கீஸின் அத்தா மைதீன் பிச்சை; ருக்ஸாருக்கு நன்னா. நாகல் நகரில் கறிக்கடை. பேத்தி வெளிறிப்போய் இருக்கிறாளே என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அறுக்கும் முதல் ஆட்டின் சுவரொட்டியை, அந்த மண்ணீரலை, யார் கேட்டாலும் தரமாட்டார். ரத்தம் ஊற அதைவிட மருந்து உண்டா? தானே மிளகு போட்டு வறுத்து, தன் கையாலேயே ஊட்டுவார்.

தின்றதும் பிள்ளை சொக்கிப்போகும். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று வீடே கேலி பேசிச் சிரிக்கும்.

இன்று காலையில்தான் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். குடலிலிருந்து ஈரலுக்குப் போகவேண்டிய பெரிய ரத்தக்குழாய், பிறவியிலேயே ஈரலை விட்டுவிட்டு வேறொரு குழாயில் சேர்ந்துவிட்டதாம். கறி செரிக்கும்போது உண்டாகும் நஞ்சை முறிக்க வழியில்லாமல், அது நேரே மூளைக்கு ஏறுகிறதாம். மயக்கம் தெளிந்தால்தான் ஆபரேஷன். தெளியாமலும் போகலாம். இனி கறி அவள் கண்ணிலேயே படக்கூடாது என்றார்.

ஈரலை எடுக்கும்போது தினமும் அந்தக் குழாயை அறுக்கிறவர் அத்தா. சொன்னால் ஒரே பேச்சில் புரிந்துகொள்வார். அதற்கப்புறம் மனிதர் தாங்கமாட்டார்.

அதற்காகத்தான் தின்றாள். அழுகையையும் சேர்த்து விழுங்கினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து டப்பாவை நீட்டினாள்.

“முழுசும் தின்னுட்டா அத்தா. நல்லா இருந்துச்சாம்.”

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். ருக்ஸார் ஒரு நாளும் டப்பாவைக் காலி செய்ததில்லை. கடைசித் துண்டைத் தன் கையால் நன்னாவின் வாயில் வைத்தால்தான் அவளுக்குச் சாப்பாடு முடிந்த மாதிரி.

மகளின் முகத்தைப் பார்த்தார். துடைத்தும் உதட்டோரம் எண்ணெய் இருந்தது. கதவுக் கண்ணாடி வழியே கட்டிலைப் பார்த்தார். டப்பாவை மூடினார்.

“நாளைக்கு வெறுங்கஞ்சி கொண்டாறேம்மா” என்றார்.