கைடுக்கு ஒரு விதி

"இந்த செமஸ்டர்ல தனியா ஒரு பேப்பர் பண்ணணும் சார். நீங்கதான் கைடா இருக்கணும்" என்றாள் சங்கீதா.

"தலைப்பு இன்னாமா?" என்று கேட்டார் பேராசிரியர் மயில்வாகனம்.

"காஞ்சிபுரத்துத் தறிக்காரங்க வரலாறு சார்."

"நல்ல தலைப்பு. வாரா வாரம் வந்து என்கிட்ட பேசணும், சரியா?"

"தினமும் வர்றேன் சார்."

"இன்னொண்ணு. சொந்தக்காரங்களுக்கு நான் கைடா இருக்கக் கூடாது. அது ரூல். நீ எனக்குச் சொந்தமில்லையே?"

"இல்லை சார்."

"அப்ப சரி. எம் பொண்ணும் என்னைத்தான் கேட்டா. ரூலைச் சொல்லி முடியாதுன்னுட்டேன். கோச்சுக்கினு போனவ, இன்னும் வீட்டுக்கு வரலைமா."

"வந்துடுவா சார்" என்ற சங்கீதா, அப்பாவின் தாடையைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் இட்லியை ஊட்டினாள்.