மூளி விழுந்த கிண்ணம்

கோபே நகரத்து மலைச்சரிவு வீட்டில், காகிதக் கதவு வடிகட்டிய காலை வெளிச்சம் இவாவோவின் முகத்தை மூடிய வெள்ளைத் துணிமேல் விழுகிறது. தலைமாட்டில் ஊதுபத்தி ஒன்று. அவர் மனைவி சிகயோ, இப்போதுதான் ஆக்கிய சோற்றை அவருடைய கிண்ணத்தில் குவிக்கிறாள். போனவருக்கு வைக்கும் கடைசிச் சோறு. கிண்ணத்தின் நீல விளிம்பெங்கும் மூளி. நாற்பது வருடமாகச் சாப்பிட உட்கார்ந்ததும் அந்த மனிதர் சாப்பாட்டுக் குச்சிகளால் தட்டித் தட்டிப் பெயர்த்தது. துறைமுகத்து மதுக்கடையில் டிரம்ஸ் வாசித்தவர். வெளியூர்க் குழுக்கள் கூப்பிட்டபோதெல்லாம், "மக தூங்கறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்" என்று தலைகுனிந்து மறுத்தவர். வீட்டிலும் கை சும்மா இருக்காது. "கிண்ணத்தைத் தட்டாதீங்க, செத்தவங்க பசியோட வந்து நிப்பாங்க!" என்று இவள் கத்துவாள். "வரட்டுமே, அவங்களுக்கும் ஒரு பிடி வை" என்று அவர் இன்னும் வேகமாகத் தட்டுவார். சின்னவளாயிருந்த மகள் மிஹோருவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

குவித்த சோற்றின் நடுவே அவருடைய குச்சிகளை நட்டு நிறுத்த வேண்டும், அதுதான் முறை. சிகயோ நடவில்லை. குச்சிகளைக் கையில் உருட்டிக்கொண்டே இருக்கிறாள். பிறகு மூளி விளிம்பில் மெல்லத் தட்டுகிறாள். தாளம் தப்புகிறது. மறுபடி முதலிலிருந்து தட்டுகிறாள்.

"அம்மா!" மிஹோரு அவள் கையைப் பிடிக்கிறாள். "தட்டக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"கையை விடுடி," என்கிறாள் சிகயோ. "வரட்டும்னுதான் தட்டறேன்."