இன்னும் பதினோரு நிமிஷம்

சுவர்க் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரியவர். அவ்வப்போது வலது தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

மேஜையில் இருந்த பெண் அதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு என்னங்கய்யா வேணும்?"

"நேரம் ஆகலம்மா. ஆனதும் வர்றேன்."

ஜாமீனில் வெளியே வந்து தினமும் கையெழுத்துப் போடுகிற ஆசாமி போலிருக்கிறது என்று நினைத்து அவள் தன் வேலையைப் பார்த்தாள். மணி பார்த்து ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் அவர்கள்தான்.

பெரியவரின் செல்போன் அடித்தது. மனைவி.

"எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."

"பெத்த பொண்ணை நேத்துலேருந்து காணோம். இப்பவும் உங்களுக்கு நிமிஷக் கணக்கு கேக்குதா?" அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? காணாமப் போயி இருபத்து நாலு மணி நேரம் ஆகணும். முன்னாடியே போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க." போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முப்பத்து மூன்று வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷன். அவர் விசில் ஊதாமல் ஒரு பஸ் நகர்ந்தது கிடையாது. பிரசவ வலியில் ஒரு பெண் துடிக்கிறாள் என்று டிரைவர் கெஞ்சியபோதுகூட, "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று பஸ்ஸை நிறுத்தி வைத்த மகானுபாவர். ரிட்டயர் ஆன பிறகு ஊதுவதற்கு விசில் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வாங்க, போலீசுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். "நாளைக்கு நாலு பத்துக்குத்தான்" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

கடிகாரத்தில் நாலு பத்து ஆனது. பெரியவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"என் பொண்ணைக் காணோம்மா. ஒரே பொண்ணு. நேத்து நாலு பத்துக்கு அவ வீட்டை விட்டுப் போயிருக்கா. போன் ஆஃப்ல இருக்கு. பர்ஸைக்கூட எடுத்துட்டுப் போகல."

ஒரு போட்டோவை மேஜைமேல் வைத்தார். அதில் அவள் கண்ணை இறுக்கி மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்ததில் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதிகாரியின் பேனா நின்றது. "நேத்தா? நேத்தே ஏன் வரல?"

"இருபத்து நாலு மணி நேரம் ஆகணுமில்ல?"

"யாருங்கய்யா சொன்னது? அப்படி ஒரு சட்டமே கிடையாது! காணோம்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே வரலாம். முதல் நாள்தான் எங்களுக்கு முக்கியம். அதைப் போயி பெஞ்சுல உக்காந்து கழிச்சிருக்கீங்களே!"

பெரியவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்கம்மா நேத்தே அடிச்சுக்கிட்டா. நான்தான்..."

"யார் சொன்னதுன்னு கேட்டேன்."

"மாப்பிள்ளைதாம்மா. 'உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா மாமா, இருபத்து நாலு மணி நேரம் ஆகாமப் போனா கேஸே எடுக்க மாட்டாங்க'ன்னார்."

நாலு வருஷத்தில் மாமனாரை எதிர்த்து மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சோடு பேச்சாக ரூல்ஸ் என்று சொல்லி வைப்பார். பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று டிப்போ சிநேகிதர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறார்.

"அவ நாலு பத்துக்குப் போனதை யார் பாத்தாங்க?"

"அதுவும் அவர்தான் சொன்னார்."

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "அவர் ஏன் உங்ககூட வரல?"

"அவளைத் தேடித்தாம்மா போயிருக்கார். வெளியூர்ல அவளுக்கு ஒரு சிநேகிதி. அங்க போயிருப்பாளோன்னு ஒரு சந்தேகம். 'ராத்திரிக்குள்ள திரும்பி வந்துடறேன் மாமா, நீங்க கரெக்டா நாலு பத்துக்கு எழுதிக் குடுத்துடுங்க'ன்னார். நான்தான் கார்ல ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போனேன். ரெண்டரை மணி ஃப்ளைட். டைமுக்குக் கிளம்பிருச்சு. அதைப் பாத்துட்டுத்தான் நேரா இங்க வந்தேன்."

அதிகாரி அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். எண்ணை அழுத்தியபடியே கேட்டாள்.

"ராத்திரியே திரும்பி வர்றவரு, கையில என்ன எடுத்துட்டுப் போனார்?"

பெரியவரின் கை தானாக வலது தோள்பட்டைக்குப் போனது.

"ரெண்டு பெரிய பெட்டிம்மா... நான்தான் தூக்கி வச்சேன்."