ஒரு காது பாக்கி

காட்டுக்குள் யானையை யாரும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், 'பெரியவர்' என்பார்கள். ஓட்டல் வாசலுக்காக உண்ணிச்செடிக் குச்சிகளை வளைத்துத் தாங்கள் முடையும் யானையைக்கூட மசணியும் அவள் கணவன் கேத்தனும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இன்று காலை ஓட்டல்காரர் போனில் "யானை ரெடியா, யானை ரெடியா" என்று பத்துமுறை கேட்டதில் அந்தச் சொல் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இருவரும் குச்சி வெட்டப் போன இடத்தில் புதர் ஆளை மறைத்தது. எதிரே செடிகள் ஒடியும் சத்தம். கேத்தன்தான் என்று நினைத்து மசணி கத்தினாள்:

"யானைக்கு இன்னும் ஒரு காதுதான் மாமா பாக்கி! நீளக் குச்சியாப் பாத்து வெட்டு!"

ஒடியும் சத்தம் சட்டென்று நின்றது.

"பேசாத புள்ள. அசையாத."

கேத்தனின் குரல். அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.