சாமி கேட்ட கம்ப்யூட்டர்

“சின்னதே போதும்க்கா,” என்றான் ஜீவன். வீட்டிலேயே உறுமி மேளப் பாட்டுகளைத் தயாரிப்பவன். மனைவி லோஷினியின் பிரசவத்துக்கு வைத்திருந்த பணத்தில்தான் கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்தான்.

“உங்க பாட்டுக்கு இது திணறும் லா, தம்பி. பெருச எடுங்க,” என்றார் அந்தப் பாசிர் கூடாங் நகரக் கம்ப்யூட்டர் கடையின் உரிமையாளர் மலர்.

“என் பாட்ட இதுல ஓட்டிப் பாத்துடுறேன்.”

“முனீஸ்வரர் பாட்டா? சூடம் ஏத்தாமப் போடாதீங்கங்க. யார் மேலயாச்சும் சாமி இறங்கிரும்,” என்று கெஞ்சிய லோஷினி, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

ஜீவன் பாட்டை ஓடவிட்டுக் கண்களை மூடினான். உறுமி உச்சத்துக்குப் போனபோது லோஷினி அலறினாள். அவன் பதறி எழுந்தான்.

மலரின் தலை சுழன்றுகொண்டிருந்தது. கூந்தல் அவிழ்ந்து முகத்தை மறைத்தது.

“டேய்! பெருசத் தூக்குடா! சின்னதத் தொட்டா உன் குடும்பம் தாங்காதுடா!”

லோஷினி வயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வாங்கிருங்கங்க! புள்ளைக்கு ஏதாவது ஆயிரப்போகுது!”

“வாங்கிர்றேன் சாமி, மன்னிச்சிரு!” என்று ஜீவன் கல்லாவை நோக்கி ஓடினான்.

பின்னாலிருந்து ஏதோ அவன் கழுத்தைப் பிடித்து இழுத்தது. மெல்லத் திரும்பினான்.

யாரும் இல்லை. எழுந்த வேகத்தில் காதிலிருந்து கழுத்துக்குச் சரிந்த ஹெட்போனின் வயர்தான் கம்ப்யூட்டரோடு விறைத்து நின்றது.

அவன் மலரைப் பார்த்தான்.

“அக்கா, பாட்டு என் காதுக்கு மட்டுந்தானே கேட்டுச்சு?”

ஆட்டம் நின்றது. மலர் நிதானமாகக் கூந்தலை அள்ளி முடிந்தார்.

“சின்னதையே பேக் பண்ணிடவா, தம்பி?”