எச்சில் தடவிய விரிசல்

இப்போதெல்லாம் எவனுக்கும் காத்திருக்கத் தெரிவதில்லை. மரம் காய்வதற்குள் கித்தார் வேண்டும் என்கிறான். கித்தார் செய்யும் லாக்லனின் தகரக் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவியின் துணிக்கொடிக்கு நிழல் தந்த பிளாக்வுட் மரம் போன புயலில் விழுந்தது. கறையான் விட்டுவைத்தது ஒரு பலகைதான். என் மகளுக்குக் கித்தார் செய்ய அதை இவனிடம் கொடுத்து, இன்னும் இரண்டு கோடை காயட்டும் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. மெல்லியதாக அறுத்து நனைத்த, கித்தாரின் பக்கச்சுவராகும் விலாப்பலகையைக் கொதிக்கும் இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்கிறான். ஆவி எழுகிறது, ரேடியோவில் கிரிக்கெட் ஓடுகிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். இடுப்பு வளைவில் மயிரிழை விரிசல். அவன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, விரலை நக்கி, மரத்தூளைத் தொட்டு விரிசலில் அப்புகிறான். மேலே பசை. அந்த நெடியிலும் குனிந்து பார்க்கிறேன்.

"தூ! எச்சிலத் தடவியாடா மூடுற?"

"மெருகு ஏத்திட்டா உனக்கே தெரியாது பெருசு. இதக் கேளு." மேசையில் கிடக்கும், பன்யா மரத்தில் செய்த கித்தார் முகப்பை விரல் முட்டியால் தட்டுகிறான். மணிபோல் ஒலிக்கிறது.

"அழுகுன முட்டையத் தட்டுனாலும்தான் சத்தம் வரும்."

இன்னும் வளைக்காத மற்ற விலாப்பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறேன்.

"யோவ், அது இல்லாம எப்படி முடிக்கிறது?"

"அதுக்கும் எச்சில் தொட்டுக்க."

வெளியே நடக்கிறேன். பின்னால் முகப்பை மறுபடி தட்டிக் காட்டுகிறான். நல்ல ஒலிதான். நம்புவதற்கில்லை.