நாற்று சாய்ந்த பக்கம்

அக்கா கடைசியாக விதைத்த தக்காளி, அவள் இறந்த மூன்றாம் நாள் முளைத்தது. அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் கணவர், எலெக்ட்ரீஷியனான மாமா, வீட்டில் கிடந்த இரண்டு ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகளின் வெள்ளை மூடியை, வெளிச்சம் கூடட்டும் என்று கழற்றிவிட்டு, நாற்றுகளுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டார்.

மறுநாள் நாற்றுகள் பல்பை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தன. தொட்டியைத் திருப்பி வைத்தேன். மதியத்துக்குள் மறுபடியும் கதவைப் பார்த்தன. கதவுக்கு அப்பால் மங்கலான நடைவழிதான்.

“வெளிச்சம் பத்தலையோ, மாமா?”

“அதெல்லாம் பத்தும். உங்கக்கா மாதிரியே, சொன்ன பக்கம் திரும்பாதுங்க” என்றபடி மூன்றாவது பல்பையும் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா அக்காவின் கட்டிலில் அசந்து தூங்கினார். நாற்றுகளின் நுனிகள் கதவிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து கட்டிலுக்கும் மெல்லத் திரும்பின. மாமாவின் தலைமாட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டன.

“லைட்டை அணை, கண்ணு கூசுது” என்றார் மாமா தூக்கத்திலேயே.

மூன்று பல்புகளையும் அணைத்தேன்.

“இன்னும் கூசுது” என்று சிரித்தார். பிறகு சுவரோரமாக நகர்ந்து, ஓர் ஆள் படுக்க இடம் விட்டார்.